குளிர்கால நீரோட்டமும் நிலத்தடி நீர்மட்டமும்: நாச்சாரம் வட்டாரக் கண்காணிப்பு

குளிர்கால நீர்க் கண்காணிப்பு என்பது, மழை ஓய்ந்து கோடை தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்களில் ஒரு வட்டாரத்தின் ஆறு, ஓடைகளில் ஓடும் நீரையும் கிணறுகளில் நிற்கும் நீரின் மட்டத்தையும் முறையாக அளந்து பதிந்துவருவது. தக்காணப் பீடபூமியில் இதற்குரிய காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழைக்காலத்தில் ஓடையில் ஓடுவது மேலே பெய்து வழிந்த நீரா, மண்ணுக்கடியிலிருந்து கசிந்து வந்த நீரா என்று பிரித்துச் சொல்வது கடினம். மழை நின்று சில வாரங்கள் கழிந்தும் ஓடை ஓடுகிறதென்றால் அது பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து ஊறும் அடியோட்டம். நீரியலாளர்கள் குளிர்காலக் கணக்கை நம்புவதற்கு இதுவே காரணம். இந்தக் கட்டுரை ஹைதராபாத்தின் கிழக்குப் பகுதியான நாச்சாரத்தையும் அது சேர்ந்த மூசி ஆற்றுப் படுகையையும் முன்வைத்து இத்துறையை விளக்குகிறது.

இடமும் நிறுவனங்களும்

நாச்சாரம் ஒரு காலத்தில் ஏரியை நம்பியிருந்த கிராமம், பின்னர் தொழிற்பேட்டை, இப்போது உப்பல், ஹப்ஸிகுடா, மல்லாபூர் ஆகியவற்றோடு ஒட்டிக்கிடக்கும் நெருக்கமான நகர்ப்பகுதி. 2016 அக்டோபரில் உருவான மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டத்தில் இருக்கிறது. நிலத்தின் சாய்வு தெற்கு நோக்கி, மூசி ஆற்றை நோக்கி.

நீர் அளவீட்டைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1961-இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே உப்பல் சாலையில் உள்ளது. மெட்ரோ நிலையம் ஒன்றும் அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரான 'என்.ஜி.ஆர்.ஐ.' என்றே அழைக்கப்படுகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் தென்மண்டல அலுவலகம், மத்திய நீர் ஆணையத்தின் கிருஷ்ணா–கோதாவரி அமைப்பு, தெலங்கானா மாநில நிலத்தடி நீர்த் துறை எல்லாமே இந்த நகரில்தான். ஆற்றை ஒரு துறையும் கிணற்றை இன்னொரு துறையும் அளப்பது இந்தியா முழுவதும் உள்ள ஏற்பாடு. இரண்டும் ஒரே நீர்தான் என்பதை நினைவில் வைத்தால், அது விசித்திரமான ஏற்பாடு.

கல்லுக்குள் இருக்கும் நீர்

ஹைதராபாத் நிற்பது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழைய கிரானைட்டின் மேல். காவிரிப் படுகை போல மணலும் வண்டலுமாக நீரைத் தேக்கிவைக்கும் அடுக்குகள் இங்கே இல்லை. மேலே சில மீட்டர் முதல் இருபது மீட்டர் வரை சிதைந்து மக்கிய பாறை, அதன் கீழே வெடிப்புகள் நிறைந்த பகுதி, அதற்கும் கீழே நீர் புகாத கருங்கல். போர்வெல்லுக்கு நீர் கிடைப்பது பெரும்பாலும் நடுவிலுள்ள வெடிப்புகளிலிருந்து. ஒரு போரில் வெடிப்பு அகப்பட்டு நீர் பீறிடும். நூறடி தள்ளிப் போட்ட போரில் தூசிதான் பறக்கும். ஒரு கிணற்றின் மட்டத்தை வைத்து ஊரின் மட்டத்தைச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். கண்காணிப்புக் கிணறுகள் பரவலாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் இருக்க வேண்டியதும் இதனால்தான்.

மாதக் கணக்கு

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது: ஜனவரி, கோடை முற்றும் ஏப்ரல்–மே, ஆகஸ்ட், நவம்பர். மாநிலத் துறை தன் பீசோமீட்டர்களில், அதாவது அளப்பதற்கென்றே தோண்டப்பட்ட குறுகிய குழாய்க் கிணறுகளில், மாதந்தோறும் அளக்கிறது. இந்தியாவில் நீராண்டு ஜூன் 1 அன்று தொடங்குகிறது. அமெரிக்காவில் அக்டோபர் 1.

தமிழ்நாட்டு வாசகர் இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. தெலங்கானாவுக்கு மழை தருவது ஜூன்–செப்டம்பர் தென்மேற்குப் பருவம். எனவே அங்கே நவம்பரில் மட்டம் உச்சத்தில் இருக்கும், ஜனவரியில் இறங்குமுகம். தமிழ்நாட்டுக்கோ வடகிழக்குப் பருவமே பெரிய ஆதாரம் என்பதால் ஜனவரி அளவுதான் 'மழைக்குப் பிந்தைய' அளவு. ஒரே வாரத்தில் ஹைதராபாத்திலும் சென்னையிலும் எடுத்த இரண்டு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது செழிப்பு, எது வறட்சி என்று ஒப்பிடுவது தவறான முடிவில் கொண்டுபோய் விடும்.

வட துருவத்தை ஒட்டிய நாடுகளில் சிக்கல் வேறுவிதம். அங்கே குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும். பனிக்கட்டி நீரை முட்டுக்கட்டையாகத் தடுத்து மட்டத்தை உயர்த்துவதால், அளவுகோல் உயரம் காட்டினாலும் ஓட்டம் குறைவாக இருக்கும்.

அளக்கும் விதம்

கிணற்றை அளப்பது கேட்பதற்கு எளிது. முனையில் மின்முனை பொருத்திய நாடாவை இறக்கினால், நீரைத் தொட்டதும் மணி ஒலிக்கும் அல்லது விளக்கு எரியும். காட்டும் அளவிலிருந்து கிணற்றின் கைப்பிடிச் சுவர் அல்லது குழாய் வாயின் உயரத்தைக் கழிக்க வேண்டும்; இதை மறந்தால் மட்டம் ஒரே நாளில் அரை மீட்டர் 'இறங்கிவிடும்'. பயன்பாட்டில் உள்ள போரை அளந்தால், மோட்டார் நின்று எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் எழுத வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில் எடுத்த அளவு, அந்த மோட்டாரைப் பற்றித்தான் சொல்லும். இப்போது நீர் அழுத்தத்தை உணர்ந்து தானே பதியும் மின்னணுக் கருவிகள் பரவலாகிவிட்டன. 2016-இல் தொடங்கிய தேசிய நீரியல் திட்டத்தின் கீழ் இவை தொலைத்தொடர்பு வசதியோடு பொருத்தப்பட்டன.

ஓடையில் பெரிய ஓட்டமென்றால் குறுக்கே கயிறு கட்டி, பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் ஆழத்தையும் வேகத்தையும் கரன்ட் மீட்டரால் அளப்பார்கள். ஆழம் குறைவென்றால் மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் ஓர் அளவு போதும். ஆழம் கூடினால் பத்தில் இரண்டிலும் பத்தில் எட்டிலும் இரண்டு அளவுகள் எடுத்துச் சராசரி காண்பார்கள். ஆனால் குளிர்கால ஓடையில் கணுக்கால் நனைகிற அளவே நீர் இருக்கும். அதில் கரன்ட் மீட்டர் சுழலாது. அதற்கு ஏற்றது 'வி' வடிவப் பிளவுள்ள தகடு. 90 பாகைப் பிளவில் நீர் 10 செ.மீ. உயரம் வழிந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர், 20 செ.மீ. வழிந்தால் 25 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. சில மில்லிமீட்டர் பிசகினாலும் கணக்குப் பெரிதாகத் தவறுவதால், அளவுகோலை நீர் சாய்ந்து விழும் தகட்டின் வாயருகே வைக்காமல் சற்று மேலோட்டத்தில், நீர் அமைதியாக நிற்கும் இடத்தில் நிறுத்துவார்கள்.

மகேஸ்வரம்: வறண்ட மாதங்கள் கற்றுத்தந்த கணக்கு

இந்த வட்டாரத்தில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட நிலப்பரப்பு, நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவிலுள்ள மகேஸ்வரம் நீர்ப்பிடிப்பு. பரப்பு 53 சதுர கி.மீ. உப்பல் சாலை நிறுவனமும் பிரான்சின் புவியியல் ஆய்வு அமைப்பும் சேர்ந்து 1999-இல் தொடங்கிய இந்திய–பிரெஞ்சு நிலத்தடி நீர் ஆராய்ச்சி மையம் இதைக் களமாகக் கொண்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட போர்வெல்கள் அங்கே ஓடின. அவற்றில் பெருமளவு நீர் நெல்லுக்கே போயிற்று.

ழான்-கிறிஸ்தோஃப் மரேஷால், பெனுவா தெவாந்தெல், ஷகீல் அகமது முதலானோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வின் தருக்கம் அழகானது. மழையே இல்லாத மாதங்களில் மட்டம் இறங்குவதற்குப் பெருங்காரணம் இறைப்புதான். எத்தனை மோட்டார், எத்தனை மணி நேரம், வயலிலிருந்து எவ்வளவு திரும்பக் கீழே இறங்கியது என்று கணக்கிட்டுவிட்டால், 'இவ்வளவு நீர் எடுத்ததற்கு மட்டம் இவ்வளவு இறங்கியது' என்ற விகிதம் கிடைக்கும். பாறை எவ்வளவு நீரை வெளிவிடும் என்பதை அந்த விகிதம் சொல்லும். அதை வைத்து மழைக்கால உயர்வைப் பெருக்கினால் மழை எவ்வளவு உள்ளே இறங்கியது என்பது தெரிந்துவிடும். மழையின் கணக்கை மழையில்லாத நாட்களிலிருந்து கண்டுபிடிப்பது இம்முறை.

மகேஸ்வரத்தில் அந்த விகிதம் ஏறத்தாழ 1.4 விழுக்காடு. இதன் பொருளை எண்ணிப் பார்த்தால்தான் தக்காணத்தின் நிலை உறைக்கும். மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் உண்மையில் சேர்ந்தது 14 மி.மீ. நீர். 53 சதுர கி.மீ. முழுவதற்கும் அது ஏழரை லட்சம் கனமீட்டருக்கும் குறைவு. 'யாசங்கி' என்று தெலுங்கில் சொல்லும் குளிர்காலப் போகத்தில் ஒரு ஹெக்டேர் நெல்லுக்குப் பத்தாயிரம் கனமீட்டர் இறைப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு மீட்டர் எழுபத்தைந்து ஹெக்டேருக்குக்கூடக் காணாது. இறைத்ததில் பாதியளவு வயலில் வடிந்து திரும்பச் சேரும் என்பது மட்டுமே ஆறுதல். 'நிலத்தடி நீர் இரண்டு மீட்டர் உயர்ந்தது' என்ற செய்தித் தலைப்பைப் படிக்கும்போது இந்தப் பெருக்கலையும் மனத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

மட்டம் பல மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டதால் அங்கே ஓடைகளுக்கு அடியோட்டமே இல்லை. ஓடைப் படுகை மேலே, நீர் வெகு கீழே. கிணறும் ஓடையும் ஒரே கணக்காக இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. விஜயவாடா நெடுஞ்சாலையில் சௌட்டுப்பலில் உப்பல் சாலை நிறுவனம் நடத்தும் நீர்நிலவியல் ஆய்வுக்களம், வெடிப்புகளில் நீர் எப்படி நகர்கிறது, செயற்கையாகச் செறிவூட்டினால் எங்கே போகிறது என்பதை ஆராய்கிறது.

மூசி: எதிர்மாறான ஆறு

ஓடைகள் வறண்டிருக்க, அவற்றைச் சேர்க்க வேண்டிய மூசி மட்டும் நகருக்குக் கீழே ஜனவரியிலும் ஓடுகிறது. மேல்பகுதியில் 1908 செப்டம்பர் பெருவெள்ளத்துக்குப் பின் கட்டப்பட்ட உஸ்மான் சாகரும் (1920) துணையாறான ஈசியில் ஹிமாயத் சாகரும் (1927) நீரைத் தேக்கிவிடுகின்றன. நகருக்குள் வரும்போது ஆற்றுக்குச் சொந்தமான நீர் சொற்பம். கீழே ஓடுவது நகரத்தின் கழிவுநீர்: கொஞ்சம் சுத்திகரித்தது, கொஞ்சம் அப்படியே கலந்தது. அம்பர்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 33.9 கோடி லிட்டர். முழுத் திறனில் இயங்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 3,900 லிட்டர்; மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இது போக நாகோலில் 17.2 கோடி லிட்டர் திறனுள்ள நிலையமும் உண்டு. இப்படிக் கழிவுநீராக மாறும் நகரக் குடிநீரில் பெரும்பகுதி கிருஷ்ணா, கோதாவரி, மஞ்சீரா ஆறுகளிலிருந்து குழாயில் வந்தது. ஆக, மூசியின் குளிர்கால ஓட்டத்தைப் பார்த்து மூசிப் படுகையின் நிலத்தடி வளத்தை மதிப்பிட்டால், வேறு படுகைகளின் நீரை இதன் கணக்கில் வரவு வைத்ததாகிவிடும்.

உப்பலுக்கு அப்பால் பீர்சாதிகுடா தொடங்கி ஆற்றோரத்தில் மாட்டுத் தீவனப் புல்லும் நெல்லும் இந்த நீரில் விளைகின்றன. சின்னச் சின்ன அணைக்கட்டுகள் நீரைத் திருப்பி ஏரிகளுக்குக் கொண்டுபோகின்றன. பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் இந்த வேளாண்மையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது. கழிவுநீர்ப் பாசனம் கீழே இறங்குவதால் அங்கே கிணற்று மட்டம் உயர்வாகவே இருக்கும். அதனால் மட்டத்தோடு உப்பின் அளவையும் சேர்த்து அளந்தால்தான் அந்தக் கண்காணிப்புக்குப் பொருள் உண்டு. ஆறு கிருஷ்ணாவில் கலப்பதற்கு முன், நல்கொண்டா மாவட்டத்து தாமரசெர்லாவில் மத்திய நீர் ஆணையம் அதன் ஓட்டத்தை அளக்கிறது.

விவசாயிகளே அளந்த கதை

அளவீட்டைத் துறைகளின் கையிலிருந்து ஊரார் கைக்கு மாற்றிய முயற்சி, ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு 2000-களில் நடந்த விவசாயிகள் மேலாண்மை நிலத்தடி நீர்த் திட்டம். நல்கொண்டா, மஹபூப்நகர், அனந்தபூர் உட்பட வறட்சிக்கு ஆளான ஏழு மாவட்டங்களில், இரண்டாயிரம் அளவிலான கண்காணிப்புக் கிணறுகளை விவசாயிகளே பதினைந்து நாளுக்கொரு முறை அளந்தார்கள். எண்களை ஊர்ச் சுவரில் எழுதிவைத்தார்கள். மழை முடிந்து குளிர்காலப் போகம் தொடங்கும் முன் கூடி, கிணறுகளில் உள்ளது எவ்வளவு, நெல் போட்டால் எவ்வளவு போகும், நிலக்கடலை போட்டால் எவ்வளவு என்று 'பயிர் நீர் வரவுசெலவு' போட்டார்கள். யாரையும் யாரும் தடுக்கும் அதிகாரம் அதில் இல்லை. கணக்கு எல்லோர் கண்ணிலும் பட்டது, அவ்வளவுதான். பலர் நெல்லைக் குறைத்தார்கள் என்பதைத் திட்டத்தை மதிப்பிட்டவர்கள் பதிவுசெய்தனர். மானியம், இலவச மின்சாரம் பற்றிய வாதங்களுக்கு நடுவே இந்த அனுபவம் போதிய கவனம் பெறவில்லை. தெலங்கானாவில் 2018 ஜனவரி 1 முதல் வேளாண்மைக்கு 24 மணி நேர இலவச மின்சாரம் வந்தபின், மோட்டார் ஓடிய நேரத்தை வைத்து இறைப்பைக் கணிப்பது மேலும் கடினமாயிற்று.

விண்ணிலிருந்தும் கோப்பிலிருந்தும்

2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பின் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீரின் எடை குறைவதை அளந்தன. உப்பல் சாலை நிறுவனத்தின் வி.எம். திவாரியும், ஜான் வாரும், ஷான் ஸ்வென்சனும் 2009-இல் வெளியிட்ட கணக்குப்படி, வட இந்தியாவும் அதை ஒட்டிய பகுதிகளும் 2002 முதல் 2008 வரை ஆண்டுக்கு 54 கன கி.மீ., அதாவது சுமார் 1,900 டி.எம்.சி. நிலத்தடி நீரை இழந்துகொண்டிருந்தன. ஆனால் இம்முறை லட்சம் சதுர கி.மீ.க்கு மேற்பட்ட பரப்புகளுக்கே நம்பத்தக்கது. மூசிப் படுகை ஏறத்தாழ 11,000 சதுர கி.மீ.தான்.

ஆகவே மண்டல அளவிலான முடிவு இன்னும் கிணற்று அளவுகளிலிருந்தே வருகிறது. ஆண்டு இறைப்பு, கிடைக்கக்கூடிய நீரில் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் மிகைச்சுரண்டல் என்று மண்டலங்கள் வகைப்படுத்தப்படுகின்றன. 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டப்படி கிணறுகளைப் பதிவுசெய்வதும் புதிதாகத் தோண்ட அனுமதி பெறுவதும் கட்டாயம். ஆயினும் அச்சட்டம் கிணற்று உரிமையாளரிடம் மட்டத்தை அளந்து தரச் சொல்லவில்லை. நாச்சாரம் போன்ற இடங்களில் அடுக்ககம்தோறும் ஓடும் போர்வெல்களின் குளிர்கால மட்டம் எந்தத் துறையின் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பகுதியின் அளவாகப் பதிவாவது அரசு பீசோமீட்டர்கள் காட்டும் எண்தான்.