விடைக்குக் காத்திருக்கும் சமன்பாடுகள்

கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த ராமவர்ம மரு தம்புரான், அகிலேசுவர ஐயருடன் சேர்ந்து 1948-இல் திருச்சூரில் பதிப்பித்த நூல் 'யுக்திபாஷா'வின் கணிதப் பகுதி. 1530-ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய அந்நூல், முடிவுகளோடு அவற்றின் காரணங்களையும் விளக்குவது. முடிவு கைக்கு எட்டியும் காரணம் எட்டாமல் நிற்பவையே கணிதத்தின் தீராத சிக்கல்கள்.

ஜ்யேஷ்டதேவரின் கணித மரபைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி, ஆரியபடீய உரையில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: வட்டத்தின் விட்டத்தை மிச்சமின்றி அளக்கும் கோலால் பரிதியை அளந்தால் மிச்சம் விழும், கோலைச் சிறிதாக்கினால் மிச்சம் குறையும், ஒழியாது. பை ஒரு விகிதமுறா எண் என்பதே இதன் உட்பொருள். அதை முதலில் நிறுவியவர் லாம்பெர்ட், 1761-இல். இடைப்பட்ட தாமதத்துக்குக் கணக்குத் திறனின் குறை காரணமன்று. நீலகண்டருக்கு முன்பே சங்கமகிராம மாதவர் பையின் மதிப்பைப் பதினொரு தசம இடங்களுக்குக் கண்டிருந்தார். ஆனால் கண்ட இடங்கள் காணாத இடங்களுக்குச் சாட்சி ஆகா. லாம்பெர்ட்டுக்குக் கைகொடுத்தது தொடர் பின்னம் என்னும் வேறொரு கருவி.

1876-இல் பிரான்சின் புரோகார்டும், 1913-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் இராமானுஜனும் எழுப்பிய வினா இன்றும் தீரவில்லை. ஒன்றிலிருந்து ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி, 1 கூட்டினால் எப்போது வர்க்க எண் வரும்? 4, 5, 7 ஆகிய எண்களுக்கு முறையே 25, 121, 5041 வருகின்றன. இவை 5, 11, 71 ஆகியவற்றின் வர்க்கங்கள். நூறு கோடி வரை கணினியில் தேடியும் நான்காவது எண் சிக்கவில்லை.

பெருக்கற்பலனின் காரணிகள் நமக்கு முழுதும் தெரியும். ஒன்றைக் கூட்டியதும் அந்த அறிவு கைவிடுகிறது. பழைய பகாக் காரணிகளில் ஒன்றுகூடப் புதிய எண்ணை வகுக்காது. கூட்டலையும் பெருக்கலையும் பிணைக்கும் ஏபிசி ஊகம் உறுதியானால், இத்தகைய எண்கள் எண்ணிக்கையில் முடிவுள்ளவை என்பதும் உறுதியாகும். குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளையின் ஊகமும் அதற்கே காத்திருக்கிறது: வர்க்கம், கனம் போன்ற அடுக்கு எண்கள் இரண்டின் வேறுபாடாக ஒரு குறித்த எண் முடிவுள்ள தடவைகள் மட்டுமே வரும் என்றார் அவர். வேறுபாடு 1 என்பதை மட்டும் 2002-இல் மிகைலெஸ்கு தீர்த்தார். 8, 9 தவிர வேறு இணை இல்லை.

முழு எண் தீர்வு உண்டா என எல்லாச் சமன்பாடுகளுக்கும் தீர்ப்புச் சொல்லும் ஒரே வழிமுறை இருக்கவே முடியாது என்று 1970-இல் மத்தியசேவிச் நிறுவினார். ஆகவே, ஒரு சமன்பாட்டைத் தீர்த்த வழி அடுத்ததற்கும் உதவும் என்ற உறுதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற யுக்தியைத் தேடியாக வேண்டும்.