யாருக்கு எங்கே இடம்: மக்கள் பரவலும் சேரியின் வரலாறும்

பள்ளிப் புவியியலில் நாம் எல்லோரும் படித்த கேள்வி ஒன்று உண்டு. உலக மக்கள் ஏன் சீராகப் பரவியிருக்கவில்லை? மழை, வெப்பநிலை, வண்டல் மண், ஆறு, சமவெளி, கனிமம், போக்குவரத்து என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த விடை தப்பில்லை. எகிப்து மக்களில் பெரும்பாலோர் நைல் ஆற்றை ஒட்டியே வாழ்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறது. தண்ணீருக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்த விடையில் மனிதர்கள் பறவைகளைப் போல வருகிறார்கள். தண்ணீர் கண்ட இடத்தில் இறங்குகிறார்கள், வற்றினால் பறந்துவிடுகிறார்கள். யார் எங்கே தங்கலாம், யார் கிளம்பிப் போக முடியாது, தங்கிய இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. பண்டிதர் அயோத்திதாசர் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அவையில் அந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம்.

காவிரிப் படுகையிலிருந்து தொடங்குவோம். நெல் ஆள் கேட்கும் பயிர். நாற்று விட, நட, களை பறிக்க, அறுக்க, அடிக்க என்று கைகள் வேண்டும். அதுவும் உரிய நாளில் வேண்டும். படுகையில் மக்கள் நெருக்கம் மிகுந்ததற்கு வண்டல் காரணம் என்றால், அந்தச் சேற்றில் இறங்கியவர்களை அங்கேயே நிறுத்திவைத்தது எது? பண்ணையாள் முறை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட நம் முன்னோர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் சொன்னது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வாணிபத்தைக் குற்றமாக்கியது. சட்டம் மாறியதும் கட்டு அறுந்துவிடவில்லை. கடன் இருந்தது. கடனைவிடப் பலமான கயிறு ஒன்றும் இருந்தது: குடியிருந்த மனை.

செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்கீர் 1891இல் எழுதிய அறிக்கையை நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பறையரின் குடிசை நின்ற மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை அரசு ஆவணமாக்கிய அறிக்கை அது. மிராசுதாருக்குப் பிடிக்காத வேலை ஒன்றைச் செய்தால், கூலி அதிகம் கேட்டால், மதம் மாறினால், குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். ஆக, சேரி என்பது மக்கள் தேர்ந்து குடியேறிய இடமன்று. வேலைக்குக் கூப்பிடும் தொலைவில், தீட்டுப் படாத தொலைவில், ஊர் அளந்து ஒதுக்கிய இடம். 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அரசாணை பிறந்தது. இவர்களுக்குக் காணி கிடைத்தால் தங்கள் வயலுக்கு யார் வருவார் என்பதே நிலவுடைமையாளரின் கவலையாக இருந்தது. மக்கள் தொகைப் பரவல் என்று நாம் பேசும்போது இந்தக் கவலையையும் ஒரு புவியியல் காரணியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கயிறு அறுந்த இடங்களில் மக்கள் கடல் கடந்தார்கள். 1833இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மொரீஷியசுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலோடு நேட்டாலில் இந்தியத் தொழிலாளர் வரலாறு தொடங்குகிறது. 1876–78 பஞ்சம் இந்த ஓட்டத்தை இன்னும் வேகப்படுத்தியது.

இலங்கைக்குப் போனவர்களின் கதையில் பயிருக்கே ஒரு பங்கு உண்டு. முதலில் வந்தது காப்பி. அறுவடைக்குச் சில மாதங்கள் ஆள் இருந்தால் போதும். மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து போனவர்களில் பலர், வழியிலும் தோட்டத்திலும் சாகாமல் தப்பியிருந்தால், வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் காப்பிச் செடியைத் தாக்கத் தொடங்கிய இலைத் துரு நோய் பின்னர் அந்தப் பயிரையே அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும், பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக லயங்களில் அமர்த்தினார்கள். யாரும் அதிகம் வாழாத மலைச்சரிவு இப்படித்தான் மக்கள் நெருங்கிய பகுதியானது. மழையும் உயரமும் தேயிலைக்குப் பொருந்தின என்பது பாதி விளக்கம். கங்காணியிடம் பட்ட கடன் மறு பாதி.

சாதியும் கப்பலேறிப் போனது. கங்காணிகளில் பலர் மேல்சாதியினர். லயங்களிலும் சாதி பார்த்தே குடி வைத்தார்கள். அப்படியிருந்தும் போனவர்கள் எல்லோரும் ஏமாந்து போனவர்கள் என்று நாம் சொல்லிவிடக் கூடாது. பண்ணையை விட்டுத் தப்பவே பலர் போனார்கள். ஆள்கட்டியின் பொய்யை நம்பினார்கள் என்பதைவிட, ஊரின் உண்மையை அறிந்திருந்தார்கள் என்பதே பொருத்தம்.

போய் அமர்ந்த இடமும் நிலைக்கவில்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று வைத்தார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களில் பலரை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வைத்தார்கள். மறுபடியும் மலை, மறுபடியும் கொழுந்து, மறுபடியும் தோட்டத்துக்குச் சொந்தமான வீடு.

இனிக் கோலார். கர்நாடக மேட்டுநிலத்தின் வறண்ட மூலை அது. ஆறில்லை, வண்டலில்லை. 1891 கணக்கெடுப்பில் சுமார் 7,000 பேர் இருந்த தங்கவயலில் 1901இல் 38,000க்கு மேல் இருந்தார்கள். தங்கம் இருந்தது என்று பாடநூல் சொல்லும். தங்கம் யுகயுகமாக அங்கேதான் கிடந்தது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் இறங்கியதும், ரயில் வந்ததும், வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து ஆட்கள் புறப்பட்டதும்தான் அந்த ஊரை உண்டாக்கின. பூமிக்குக் கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். பாறை வெடிப்பில் செத்தார்கள், பாறைத்தூள் நுரையீரலில் படிந்து செத்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு முன்பே வந்தது. தொழிலாளிக்காக அல்ல, இயந்திரத்துக்காக வந்தது.

ஆனாலும் அங்கே கூலி நெல்லாக அளக்கப்படவில்லை, காசாக வந்தது. காசு கையில் இருந்தவன் பத்திரிகை வாங்கினான். 1907இல் இராயப்பேட்டையில் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வேரூன்றிய இடங்களில் தங்கவயல் முதன்மையானது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் எழுந்தது. சங்கத்தின் கிளைகள் ரங்கூனிலும் டர்பனிலும் இருந்தன. பண்டிதர் மறைந்த பின் ‘தமிழன்’ கோலாரிலிருந்தே மறுபடி வெளிவந்தது. பத்திரிகை போன ஊர்களைப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், சேரியை விட்டு நாம் சென்ற தடம் கிடைக்கும். ஊர் அகலும்போது எழுத்து வந்தது என்பதை நாம் தற்செயல் என்று நினைக்கவில்லை.

படுகையில் தங்கிவிட்டவர்களுக்கு மனை உரிமை வர மிகவும் தாமதமானது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1971இல்தான் குடியிருக்கும் மனையைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. உங்கள் சேரியின் பட்டாக்களை எடுத்துப் பாருங்கள். எந்த ஆண்டு, யார் பெயரில், எத்தனை சென்ட் என்று எழுதிவையுங்கள். அருகில் பஞ்சமி நிலம் இருந்தால் இப்போது அது யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். கடல் கடந்து போனவர்களின் பெயர்களைப் பாட்டிகளிடம் கேளுங்கள். அவர்கள் போனபின் கேட்க ஆளிருக்காது.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. தங்கம் போனால் மக்களும் கலைந்துவிட வேண்டும் என்பது பாடநூல் கணக்கு. அவர்கள் கலையவில்லை. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இரவில் சயனைடு மண்மேடுகளுக்குப் பக்கத்திலிருக்கும் தங்கள் லைன் வீடுகளுக்குத் திரும்புகிறார்கள்.