மாறுபட்ட தீர்ப்பு எழுதிய சங்கரன் நாயர்

சேற்றூர் சங்கரன் நாயரைப் பற்றிப் பேசும்போது நாம் அவரை இரண்டு ஆளாக்கிவிடுகிறோம். பஞ்சாப் கொடுமைகளைக் கண்டு 1919இல் வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து விலகி, பின்னர் லண்டன் நீதிமன்றத்தில், அப்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த மைக்கேல் ஓ'டயரை எதிர்த்து நின்றவர் ஒருவர். ‘காந்தியும் அராஜகமும்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1922இல் நூல் எழுதி ஒத்துழையாமை இயக்கத்தைச் சாடியவர் இன்னொருவர். முன்னவரைக் கொண்டாடுகிறோம், பின்னவரை, முதுமையில் வந்த தடுமாற்றம் என்று சொல்லித் தள்ளிவைக்கிறோம். ஆனால் ஓ'டயர் அவர்மீது மானநஷ்ட வழக்குப் போட்டதே காந்தியைச் சாடிய அந்த நூலில் இருந்த பகுதிகளுக்காகத்தான். ஒரே புத்தகத்தில், ஒரே பேனாவால் இருவரையும் அவர் குற்றம் சாட்டினார். இதைத் தடுமாற்றம் என்று கடந்துபோக முடியாது. அரசாங்கமானாலும் சரி, அதை எதிர்க்கும் மக்கள் இயக்கமானாலும் சரி, சட்டத்தின் எல்லைக்கு வெளியே யார் காலடி வைத்தாலும் எழுத்தில் ஆட்சேபம் பதிவு செய்வது என்ற சென்னை ஹைகோர்ட் வக்கீலின் பழக்கம்தான் அவருடைய வாழ்வு முழுக்க ஓடுகிறது. அவருடைய பலம் அதில்தான் இருந்தது. அவர் பார்க்கத் தவறியவற்றுக்கும் அதுவே காரணம்.

1857இல் பாலக்காட்டுக்கு அருகில் மங்கர என்ற ஊரில் பிறந்தவர். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. மாநிலக் கல்லூரியில் படித்து, 1880இல் ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிந்தார். இங்கிலீஷ் பாரிஸ்டர்களின் ஆதிக்கம் மேலோங்கியிருந்த அந்தக் கோர்ட்டில், இந்திய வக்கீல்கள் யாரும் அவர்களுக்கு ஜூனியராக வேலை செய்யக் கூடாது என்று சக வக்கீல்கள் தீர்மானம் கொண்டுவந்தபோது சங்கரன் நாயர் அதை ஏற்கவில்லை. அதற்காக அவர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். தன் வழக்குக்கு யாரை அமர்த்துவது என்பது கட்சிக்காரரின் உரிமை, அதில் சங்கம் தலையிட முடியாது என்ற நிலைப்பாட்டை அவர் விடவில்லை. தேசியத்தின் அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால் இது பிசகாகத் தெரியும். ஆனால் நாற்பதாம் வயதில், 1897இல் அமராவதி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவரும் இவரே. பூனாவைச் சேர்ந்த, ‘நாட்டு’ (Natu) என்ற குடும்பப்பெயர் கொண்ட சகோதரர்களை விசாரணையே இல்லாமல் சிறை வைத்ததை அந்த மாநாடு கண்டித்தது. தனிமனிதரின் உரிமையை ஒரு கூட்டம் பறித்தாலும் ஒரு கவர்னர் பறித்தாலும் அவருக்கு அது ஒரே வழக்குதான்.

மலபார்த் திருமண விவகாரத்தில் இந்தக் குணம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. தாய்வழியில் சொத்து இறங்கும் மருமக்கத்தாயக் குடும்பங்களில் ‘சம்பந்தம்’ என்ற மணவுறவை ஆங்கிலேயர் நடத்திய நீதிமன்றங்கள் சட்டப்படியான திருமணமாக ஏற்கவில்லை. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தும் தறவாடு என்ற தாய்வழிக் கூட்டுக் குடும்பத்துக்கே போகும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் மிஞ்சாது. சென்னைச் சட்டசபை உறுப்பினரான சங்கரன் நாயர் 1890இல் இதற்கு ஒரு மசோதா கொண்டுவந்தார். டி. முத்துசாமி ஐயர் தலைமையில் ஆணையம் அமைந்தது. 1896இல் மலபார்த் திருமணச் சட்டம் வந்தது. பதிவு செய்த சம்பந்தத்துக்குச் சட்ட மதிப்பும், மனைவி மக்களுக்குச் சொத்தில் பங்கும் கிடைத்தன. ஆனால் பதிவு செய்ய முன்வந்தவர்கள் மிகச் சிலரே. தன் சமூகமே எதிர்த்து நின்ற ஒரு சீர்திருத்தத்தை அவர் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்து வளர்க்க நினைக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் வழி திறந்தாயிற்று, வருகிறவர்கள் வரட்டும் என்பதோடு அவர் வேலை முடிந்தது. இது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

1908இல் நீதிபதியானார். தமிழ் வாசகர்கள் அவரை நினைவில் வைத்திருக்க வேண்டிய இடம் ஆஷ் கொலை வழக்கு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் மாய்த்துக்கொண்டார். நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட பதினான்கு பேர்மீது சதிவழக்கு நடந்தது. தலைமை நீதிபதி ஆர்னால்ட் ஒயிட், நீதிபதி எய்லிங், சங்கரன் நாயர் ஆகிய மூவரும் விசாரித்தார்கள். அப்ரூவர்களாக மாறியவர்களின் வாக்குமூலம் அரசுத் தரப்புக்கு முக்கியத் தூணாக இருந்தது. ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் கொல்லப்பட்டு ஓர் ஆண்டுகூட ஆகாத நேரத்தில், 1912 பிப்ரவரியில், மற்ற இருவரோடும் உடன்படாமல் சங்கரன் நாயர் தனியே மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். கொலையை அவர் ஆதரித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. குற்றம் எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்குச் சாட்சியமும் உறுதியாக இருக்க வேண்டும் என்பது நல்ல நீதிபதி எவரும் விட்டுக்கொடுக்காத விதி. அதே ஆண்டில் அவருக்கு சர் பட்டமும் வந்தது. பட்டம் வாங்கியவர் ஆங்கிலேயரின் ஆள் என்று வாதிடுவோருக்கு, அதே ஆண்டின் இந்தத் தீர்ப்பைவிட வேறு பதில் தேவையில்லை.

1915இல் வைஸ்ராயின் நிர்வாக சபைக்குப் போனபோது அங்கே அவர் ஒருவரே இந்தியர். மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தங்கள் குறித்து 1919இல் அரசின் கருத்தை மறுத்து அவர் எழுதிய குறிப்புகள், சபையின் கதவுக்குள் வெளிப்பட்ட அதே மாறுபட்ட தீர்ப்புதான். பஞ்சாபில் ராணுவச் சட்டத்தின் பெயரால் நடந்தவை தெரிய வந்ததும் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டே காந்தி நீதிமன்றங்களைப் புறக்கணிக்கச் சொன்னார். ராஜாஜியும் மோதிலால் நேருவும் வக்கீல் தொழிலை விட்டார்கள். சங்கரன் நாயருக்கு அது தவறாகப் பட்டது. அநியாயத்தைத் தட்டிக்கேட்கும் இடத்தையே இடித்துவிட்டால் எங்கே போய்க் கேட்பது? 1921இல் அவருடைய சொந்த ஜில்லாவில் வெடித்த மாப்பிள்ளைக் கலகம் அந்த அச்சத்தை உறுதியாக்கியது.

நீதிமன்றத்தின்மீது அவர் வைத்திருந்த நம்பிக்கைக்கான சோதனை 1924இல் லண்டனில் நடந்தது. ஐந்து வாரம் நீண்ட விசாரணையில், அமிர்தசரஸில் சுடச் சொன்ன ஜெனரல் டயர் செய்தது சரி என்று நீதிபதி மெக்கார்டியே ஜூரியிடம் சொன்னார். அரசு நியமித்த ஹண்டர் குழு அதே டயரை 1920இல் கண்டித்திருந்தது! பன்னிரண்டு ஜூரிகளில் பதினொருவர் ஓ'டயர் பக்கம். அரசியல் அறிஞர் ஹெரால்ட் லாஸ்கி ஒருவர் மட்டும் மறுத்தார். 500 பவுன் நஷ்டஈடும் வழக்குச் செலவும் சங்கரன் நாயர் தலையில் விழுந்தன. மன்னிப்புக் கேட்டால் பணம் வேண்டாம் என்று ஓ'டயர் தரப்பு சொல்லியும் அவர் கேட்கவில்லை. நீதிமன்றத்தை நம்பியவரை நீதிமன்றமே கைவிட்டது, ஆகவே காந்தி சொன்னதுதான் சரி என்று இதை வைத்து ஒருவர் வாதிடலாம். பஞ்சாபைப் பொறுத்தவரை அந்த வாதம் செல்லும்; நடுவரே எதிர்த்தரப்பின் ஆளாக இருக்கும்போது சட்டவழி மட்டும் போதாது என்பதை அவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை. 1928இல் நாடே சைமன் கமிஷனைப் புறக்கணித்தபோது, அதோடு சேர்ந்து இயங்கிய இந்திய மத்தியக் குழுவுக்கு அவர் தலைமை வகித்தார்.

மாறுபட்ட குறிப்புகளால் ஒன்றும் மாறவில்லை என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். லண்டன் வழக்கில் அவர் தோற்றாலும், பஞ்சாபில் அடிபட்டவர்களின் சாட்சியங்களை ஓர் ஆங்கிலேய நீதிமன்றத்தின் பதிவேட்டில் ஏற்றியது அந்த வழக்குத்தான். 1896இல் மிகச் சிலரே நாடிய திருமண உரிமை, 1933இன் மருமக்கத்தாயச் சட்டத்தில் பதிவுக்குக் காத்திராமலே சம்பந்தத்தைத் திருமணமாக ஏற்கும் அளவுக்கு வளர்ந்தது. 1934 ஏப்ரலில் அவர் இறந்தபோது, மலபாரில் ஒரு தகப்பன் தேடிய சொத்தில் அவன் பிள்ளைகள் சட்டப்படி பங்கு கேட்க முடிந்தது.