தர்மன் சண்முகரத்தினம்

தர்மன் சண்முகரத்தினம் (பிறப்பு: பிப்ரவரி 25, 1957) சிங்கப்பூரைச் சேர்ந்த பொருளியலாளரும் அரசியல்வாதியும் ஆவார். இலங்கைத் தமிழ் வம்சாவளியில் வந்த இவர், செப்டம்பர் 14, 2023 அன்று சிங்கப்பூரின் ஒன்பதாவது அதிபராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன்னர் கல்வி அமைச்சர், நிதி அமைச்சர் (2007–2015), துணைப் பிரதமர் (2011–2019), மூத்த அமைச்சர் (2019–2023) ஆகிய பதவிகளை வகித்தார். நிதி அமைச்சராக இருந்தபோது, நாட்டின் கடந்தகால நிதி இருப்பிலிருந்து வரலாற்றில் முதன்முறையாகப் பணம் எடுக்க அதிபரின் ஒப்புதலைக் கோரியவர் இவர். பின்னாளில் அவ்வொப்புதலை வழங்கவோ மறுக்கவோ அதிகாரம் கொண்ட பதவிக்கு இவரே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிறப்பும் கல்வியும்

தர்மன் சிங்கப்பூரில் பிறந்தார். இவரது தந்தை பேராசிரியர் க. சண்முகரத்தினம் புகழ்பெற்ற நோயியல் வல்லுநர். சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவியவர். தர்மன் ஆங்கிலோ-சீனப் பள்ளியில் பயின்றார். பள்ளி நாட்களில் விளையாட்டில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். கடுமையான இரத்தசோகை காரணமாகப் போட்டி விளையாட்டுகளைக் கைவிட நேர்ந்தது.

லண்டன் பொருளியல் பள்ளியில் பொருளியலில் இளநிலைப் பட்டமும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அதே துறையில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கென்னடி பள்ளியில் பொது நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் இவருக்கு இடதுசாரிக் கருத்துகளில் ஈடுபாடு இருந்தது. சமத்துவத்தின் மீதான அக்கறை பிற்காலத்திலும் நீடித்தது. அதை அடையும் வழிகள் குறித்த கருத்துகள் மாறின.

நாணய வாரியப் பணி

சிங்கப்பூரின் மைய வங்கியாகச் செயல்படும் நாணய வாரியத்தில் பொருளியலாளராகப் பணியைத் தொடங்கிய தர்மன், அதன் பொருளியல் துறை இயக்குநராக உயர்ந்தார். இடையில் கல்வி அமைச்சிலும் அதிகாரியாகப் பணியாற்றினார். 2001ஆம் ஆண்டில் நாணய வாரியத்தின் நிர்வாக இயக்குநர் ஆனார்.

இரகசியச் சட்ட வழக்கு

1992ஆம் ஆண்டில், நாட்டின் பொருளாதார வளர்ச்சி குறித்த முன்மதிப்பீடு அரசு அறிவிப்பதற்கு முன்பே பிசினஸ் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. இது தொடர்பாக அதிகாரபூர்வ இரகசியச் சட்டத்தின் கீழ் தர்மன் உட்பட ஐவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. தகவலை வெளியிட்டதாகத் தம்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை மறுத்து இவர் வழக்காடினார். அக்குற்றச்சாட்டு நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் இரகசியத்தைக் காப்பதில் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்னும் குறைந்த குற்றத்திற்காக 1994இல் இவருக்கு 1,500 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

அக்கால அரசியலமைப்பின்படி, ஒரு குற்றத்திற்காக 2,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டவர் நாடாளுமன்ற உறுப்பினராகும் தகுதியைக் குறிப்பிட்ட காலத்திற்கு இழப்பார். தர்மனுக்கு விதிக்கப்பட்ட தொகை அந்த வரம்பிற்குக் கீழே இருந்தது.

அரசியல் நுழைவு

2001ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தர்மன் நாணய வாரியப் பதவியிலிருந்து விலகி, ஆளும் மக்கள் செயல் கட்சியின் வேட்பாளராக ஜூரோங் குழுத்தொகுதியில் போட்டியிட்டு வென்றார். குழுத்தொகுதி என்பது பல வேட்பாளர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும் தொகுதியாகும். ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அடுத்தடுத்த தேர்தல்களிலும் இவரது அணி இத்தொகுதியைத் தக்கவைத்தது. 2020ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நாட்டிலேயே மிக உயர்ந்த வாக்கு விழுக்காட்டை (74.62) ஜூரோங் அணி பெற்றது.

2003ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டு வரை கல்வி அமைச்சுக்குப் பொறுப்பு வகித்தார். பாடச்சுமையைக் குறைத்து, மாணவர் தாமே சிந்தித்துக் கற்பதை ஊக்குவிக்கும் கொள்கை இவரது காலத்தில் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தப்பட்டது.

நிதி அமைச்சர்

இரண்டாம் நிதி அமைச்சராக 2007ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்த தர்மன், அவ்வாண்டு டிசம்பரில் நிதி அமைச்சராகப் பொறுப்பேற்றார். 2007ஆம் ஆண்டுத் திட்டத்தில் பொருள் சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இவ்வரி ஏழைகளையே அதிகம் பாதிக்கும் என்ற விமர்சனம் எழுந்தது. குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளரின் வருமானத்திற்கு அரசே துணைத்தொகை வழங்கும் வேலைநலன் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. வேலையில் இருப்போருக்கு உதவி வழங்குவதே இதன் அடிப்படை. உதவித்தொகை மனிதரைத் தாங்கும் வலையாக மட்டும் அமையாமல், மீண்டும் மேலெழச் செய்யும் துள்ளுமேடையாக அமைய வேண்டும் என்று 2015இல் ஒரு நேர்காணலில் இவர் விளக்கினார்.

இரண்டு சாவிகள்

சிங்கப்பூர் அரசியலமைப்பில் 1991ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஓர் அரசு தன் பதவிக்காலத்தில் சேர்த்த நிதியைத் தானே செலவிடலாம். முந்தைய பதவிக்காலங்களில் சேர்ந்த நிதி இருப்பைத் தொட வேண்டுமெனில் அதிபரின் ஒப்புதல் தேவை. தேர்தலில் வெல்லும் ஏதேனும் ஓர் அரசு, தலைமுறைகளின் சேமிப்பைக் குறுகிய காலத்தில் கரைத்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். பெட்டகத்தின் ஒரு சாவி அரசிடமும் மறு சாவி அதிபரிடமும் உள்ளன என்று இதனை உவமையாகக் கூறுவர்.

2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடி, ஏற்றுமதியைச் சார்ந்த சிங்கப்பூரைக் கடுமையாகப் பாதித்தது. ஜனவரி 22, 2009 அன்று தர்மன் 20.5 பில்லியன் வெள்ளி மதிப்புள்ள மீட்புத் திட்டத்தை முன்வைத்தார். அதில் 4.9 பில்லியன் வெள்ளியைக் கடந்தகால நிதி இருப்பிலிருந்து எடுக்க, அப்போதைய அதிபர் எஸ். ஆர். நாதன் ஒப்புதல் அளித்தார். அவரும் தமிழரே. இரண்டாம் சாவி இவ்வாறு பயன்பட்டது அதுவே முதன்முறை.

இத்தொகை இரண்டு பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஒன்று, ஊழியரைப் பணிநீக்கம் செய்யாதிருக்க நிறுவனங்களுக்கு வழங்கப்பட்ட உதவி. இதன்படி ஒவ்வோர் உள்ளூர் ஊழியரின் மாத ஊதியத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காட்டை அரசு முதலாளிக்கு வழங்கியது. மற்றொன்று, நிறுவனங்களுக்கு வங்கிகள் வழங்கும் கடனின் இடரில் அரசும் பங்கேற்பது. 2010இல் பொருளாதாரம் 14 விழுக்காட்டிற்கு மேல் வளர்ந்தது. எடுக்கப்பட்ட சுமார் 4 பில்லியன் வெள்ளியை 2011இல் அரசு இருப்பில் திரும்பச் செலுத்தியது.

நிதி இருப்பின் வருவாயைப் பயன்படுத்தும் முறையும் இவரது காலத்தில் மாறியது. இருப்பு எனும் மரத்தை வெட்டாமல் அதன் கனியில் ஒரு பகுதியை மட்டும் உண்பதற்கு இம்முறையை ஒப்பிடலாம். 2008இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, முதலீடுகளிலிருந்து எதிர்பார்க்கப்படும் நீண்டகால உண்மை வருவாயில் 50 விழுக்காடு வரை அரசு செலவிடலாம். எஞ்சியது இருப்புடன் சேரும். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அரசுக்கு ஓரளவு நிலையான வருவாய் கிடைக்க இது வழிசெய்தது.

பிற்காலத் திட்டங்கள்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் உழைத்த முதியோரின் மருத்துவச் செலவுக்கு உதவ, முன்னோடித் தலைமுறைத் திட்டம் 2014இல் அறிவிக்கப்பட்டது. இதற்கென 8 பில்லியன் வெள்ளி நிதியம் ஒதுக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டுத் திட்டத்தில், 25 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் திறன் பயிற்சிக்காக 500 வெள்ளி அறிவிக்கப்பட்டது. தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 20 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தர்மன் நிதி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகினார்.

பன்னாட்டுப் பொறுப்புகள்

2011ஆம் ஆண்டில் பன்னாட்டு நாணய நிதியத்தின் கொள்கை வழிகாட்டுக் குழுவிற்குத் தலைவரானார். இப்பொறுப்பை வகித்த முதல் ஆசியர் இவரே. பொருளியலாளர்களும் மைய வங்கியாளர்களும் அடங்கிய முப்பதின்மர் குழுவிற்கும் தலைமை வகித்தார். 2011 முதல் 2023 வரை சிங்கப்பூர் நாணய வாரியத்தின் தலைவராகவும் இருந்தார்.

அதிபர் பதவி

2016ஆம் ஆண்டில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில், அடுத்த பிரதமராகத் தர்மனையே பெரும்பான்மையோர் விரும்பினர். தாம் அப்பொறுப்பிற்கு உரியவர் அல்லர் என்று கூறி இவர் அதனை மறுத்தார்.

அதிபர் எக்கட்சியையும் சாராதவராக இருத்தல் வேண்டும் என்பதால், 2023 ஜூலையில் கட்சியிலிருந்தும் அரசுப் பொறுப்புகளிலிருந்தும் விலகினார். நெடுங்காலம் அமைச்சராக இருந்த ஒருவர் தம் முன்னாள் சகாக்களின் கோரிக்கையை மறுக்கத் துணிவாரா என்பது தேர்தலில் முக்கியக் கேள்வியாக எழுந்தது. நிதி இருப்பின் இயக்கத்தை உள்ளிருந்து அறிந்தவரே அதனைச் சரியாகக் காக்க முடியும் என்பது ஆதரவாளர்களின் வாதமாக இருந்தது. செப்டம்பர் 1, 2023 அன்று நடைபெற்ற மும்முனைப் போட்டியில் 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார். சீனர் பெரும்பான்மையாக வாழும் சிங்கப்பூரில், போட்டி நிகழ்ந்த அதிபர் தேர்தல் ஒன்றில் சீனர் அல்லாத ஒருவர் வெற்றி பெற்றது அதுவே முதன்முறை.

குடும்பம்

இவரது துணைவியார் ஜேன் யுமிகோ இட்டோகி ஒரு வழக்கறிஞர். சீன, சப்பானிய மரபினர். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள் உள்ளனர்.