வெண்தீவின் சாட்சியம்

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் க்விட்டோயா என்றொரு சிறு தீவு உண்டு. நார்வேஜிய மொழியில் அதற்கு 'வெண்தீவு' என்று பொருள். கரையோரத்துச் சில பாறைத்திட்டுகள் நீங்கலாக முழுவதும் பனி மூடிய, மனிதர் வாழாத நிலம். துருவப் பயண வரலாற்றில் அதற்கு நீங்காத இடம் அமைந்தது ஒரு தோல்வியினால்.

1897 ஜூலை 11 அன்று ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரே, ஸ்ட்ரிண்ட்பெரி, ஃப்ரான்கெல் ஆகிய மூவரும் 'கழுகு' என்ற ஹைட்ரஜன் பலூனில் வடதுருவம் நோக்கிக் கிளம்பினர். பலூனின் தையல் துளைகள் வழியே வாயு கசிவதை நீல்ஸ் எக்ஹோல்ம் என்ற வானிலையாளர் முன்பே எச்சரித்து, குழுவிலிருந்து விலகியிருந்தார். ஆந்த்ரே செவிமடுக்கவில்லை. திசைதிருப்ப உதவ வேண்டிய இழுகயிறுகளின் பெரும்பகுதி புறப்பட்ட சில நிமிடங்களிலேயே கழன்று கடலில் வீழ்ந்தது. மூன்றாம் நாள் பலூன் உறைகடலில் இறங்கிவிட்டது.

பின் பனியின் மீது நீண்ட நடை. பாரவண்டிகளை இழுத்துக்கொண்டு அவர்கள் ஒரு திசையில் செல்ல, காலடிப் பனியே நகர்ந்து வேறு திசைக்குக் கொண்டுபோயிற்று. அக்டோபர் தொடக்கத்தில் வெண்தீவில் கரையேறினர். அத்துடன் உலகம் அவர்களைத் தொலைத்தது.

1930 ஆகஸ்டில் 'பிராட்வாக்' என்ற நார்வேக் கப்பலில் வந்தவர்கள் அந்த முகாமைக் கண்டனர். ஸ்ட்ரிண்ட்பெரியின் உடல் பாறையிடுக்கில் கிடத்தப்பட்டுக் கற்களால் மூடப்பட்டிருந்தது. மற்ற இருவரையும் அடக்கம் செய்ய எவரும் மிஞ்சவில்லை. மரணத்தின் காரணம் குறித்து, சமைக்காத கரடி இறைச்சியின் ஒட்டுண்ணி முதல் குளிர் வரை பல ஊகங்கள் உண்டு, முடிவு எட்டப்படவில்லை.

நாட்குறிப்புகளும் படச்சுருள்களும் அங்கே கிடைத்தன. முப்பத்து மூன்று ஆண்டுகள் உறைபனியில் கிடந்த சுருள்களிலிருந்து ஜான் ஹெர்ட்ஸ்பெரி 93 படங்களை மீட்டார். பக்கவாட்டில் சரிந்து கிடக்கும் பலூனையும் அதைப் பார்த்து நிற்கும் இருவரையும் அவற்றில் ஒன்றில் காண்கிறோம்.

எடை தாளாமல் பொருள்களை வழியிலேயே விட்டுச் சென்றவர்கள் இந்தச் சுருள்களை மட்டும் கைவிடவில்லை. எச்சரிக்கையைப் புறக்கணித்த ஆந்த்ரேயின் பிழையை நாம் மன்னிக்க வேண்டியதில்லை. அவருடன் இரண்டு இளைஞர்களும் மடிந்தனர். ஆயினும் அந்தப் பிழையை எடைபோட நம்மிடம் இருக்கும் சான்றுகளில் பெரும்பாலானவை அவர்களே சுமந்து வந்து வைத்துப்போனவை. அவற்றைக் கெடாமல் காத்தது அந்தத் தீவின் குளிர்.