கே.ஜி.யில் உள்ள 'ஜி' எங்கே போனது?

ஜனவரி நெருங்கினால் எமதூர்ப் பெற்றோர் எம்மிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். எந்த முன்பள்ளி நல்லது? ஆங்கிலத்தில் பேசுவார்களா? எல்.கே.ஜி.யிலேயே எழுதப் பழக்குவார்களா? வருட முடிவில் கவுண் போட்டுப் பட்டமளிப்பு உண்டா? அங்கே மண் இருக்கிறதா, ஏறி விளையாட மரம் இருக்கிறதா என்று கேட்ட உம்மாவையோ வாப்பாவையோ நாம் காண்பது மிக அரிது.

அந்தக் கேள்வி பெயருக்குள்ளேயே இருக்கிறது. கே.ஜி. என்பது ஒரு ஜேர்மன் மொழிச் சொல்லின் சுருக்கம். 'கிண்டர்' என்றால் பிள்ளைகள். 'கார்டன்' என்றால் தோட்டம். அழகுக்காக வைத்த பெயர் மட்டுமல்ல இது. வைத்தவர் உண்மையாகவே தோட்டம் போட்டார்.

பிரெட்ரிக் புரோபல் என்ற பெயர் ஆசிரியர் கலாசாலையிலும் கல்வியியற் கல்லூரியிலும் படித்தவர்களுக்குப் பழக்கமானது. 'விளையாட்டின் மூலம் கற்றல்' என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி எடுத்திருக்கிறோம். அந்தக் குறிப்புகளுக்குள் வராத மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1782இல் ஜேர்மனியின் துரிங்கியா மலைக்காட்டுப் பகுதியில் பிறந்தவர். ஒரு வயது நிரம்புமுன் தாய் மௌத்தாகிவிட்டார். தந்தை தேவாலயப் பணியிலேயே மூழ்கியிருந்த பாதிரியார். தனித்து விடப்பட்ட அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருந்தவை வீட்டுத் தோட்டமும் சுற்றியிருந்த குன்றுகளும்தான். பதின்ம வயதில் ஒரு வன அதிகாரியிடம் தொழில் பழகினார். பின்னர் பெர்லினில் கனிமப் பொருட்காட்சிச் சாலையில் பளிங்குக் கற்களை வகைப்படுத்தும் வேலை செய்தார். இடையில், 1808 முதல் 1810 வரை சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசியிடம் இருந்து கற்றார். இவ்வளவும் கடந்து, 55ஆவது வயதில், 1837இல், பாட் பிளாங்கன்பேர்க் என்ற சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்காக ஓர் இடத்தைத் தொடங்கினார். அதற்குப் பெயர் கிடைக்க மேலும் மூன்று வருடம் எடுத்தது. 1840இல்தான் 'கிண்டர்கார்டன்' ஆயிற்று.

அந்தத் தோட்டத்தை அவர் எப்படிப் பிரித்தார் என்பது எமக்கு மிகவும் பிடித்த விடயம். நடுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி. அதில் என்ன நடுவது என்பது பிள்ளையின் விருப்பம். சுற்றிவர எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் மரக்கறி. பொதுப் பாத்தியை எல்லோரும் சேர்ந்து பராமரிக்க வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பாத்தி. அதுவும் நல்லதே, ஒருவரை ஒருவர் பொறுத்துப் போகப் பழகுவார்கள் என்பது அவர் கணக்கு. தனிச் சொத்து, பொதுச் சொத்து, பங்கு என்று நாம் ஆறாம் தரத்தில் குடியுரிமைக் கல்விப் புத்தகத்தைத் திறந்து வைத்து விளக்க முயலும் எல்லாம் அந்த நான்கைந்து முழ நிலத்தில் கிடந்தன. பயற்றங்காய் விதையைப் புதைத்த பிள்ளை அடுத்த நாள் காலை தோண்டிப் பார்க்கும். அதற்கு அடுத்த நாளும் தோண்டும். விதை செத்துவிடும். அடுத்த முறை தோண்டாமல் காத்திருக்கும். காத்திருக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் புத்தகம் எதையும் நாம் இன்னும் காணவில்லை.

தோட்டத்தோடு அவர் வேறொன்றும் செய்தார். கம்பளி நூலால் செய்த நிறப் பந்துகள், மரத்தாலான கோளம், கனக்குற்றி, உருளை என்று பெட்டிகளில் விளையாட்டுப் பொருட்களைத் தயாரித்தார். 'பரிசுகள்' என்று அவற்றுக்குப் பெயர். பளிங்குக் கல்லைப் பார்த்துப் பழகிய கை அது.

1851 ஓகஸ்டில் பிரஷ்ய அரசாங்கம் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. மத மறுப்பையும் சோசலிசத்தையும் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. புரோபலோ இறை நம்பிக்கை ஊறியவர். அவருடைய சகோதரரின் மகனான கார்ல் புரோபல் எழுதிய ஒரு துண்டுநூலையும் இவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். விளக்கம் எழுதிப் பார்த்தார், பயனில்லை. அடுத்த வருடம் ஜூனில் காலமானார். தடை நீங்கியது 1860இல். அவர் கல்லறையில் கனக்குற்றிக்கு மேல் உருளை, உருளைக்கு மேல் கோளம் வைத்து நினைவுச் சின்னம் கட்டியிருக்கிறார்கள்.

இங்குதான் விடயம் திசை மாறுகிறது. அவருடைய மாணவிகளும் அபிமானிகளும் கிண்டர்கார்டனை உலகெங்கும் கொண்டுபோனார்கள். ஆனால் பெட்டியைக் கப்பலில் ஏற்றலாம், தோட்டத்தை ஏற்ற முடியாது. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்ற பலகை விளையாட்டுத் தயாரிப்பாளர் அந்தப் பரிசுப் பெட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். நெருக்கமான நகரங்களில் நிலம் விலை. மேசையும் கதிரையும் மலிவு. பிள்ளைகள் மேசைக்கு வந்தார்கள். பெயர் மட்டும் தோட்டம் என்றே இருந்தது.

தோட்டத்தை மறுபடி வெளியே இழுத்து வந்தவர்கள் இரண்டு சகோதரிகள். றேச்சல் மக்மில்லன், மார்கரட் மக்மில்லன். அவர்கள் தத்துவத்திலிருந்து தொடங்கவில்லை, சொறி சிரங்கிலிருந்து தொடங்கினார்கள். 1910இல் லண்டனின் டெப்ட்பேர்ட் பகுதியில், துறைமுகத்தை அண்டிய ஏழைச் சேரியில், பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு கிளினிக் வைத்தார்கள். பிள்ளைகள் வருவார்கள், மருந்து கட்டுவார்கள், குணமாகும், வீட்டுக்குப் போவார்கள். சில வாரத்தில் அதே பிள்ளை அதே நோயோடு திரும்பும். ஒரே அறையில் முழுக் குடும்பமும் உறங்கும், வெயில் நுழையாத வீடு. நோய் வீட்டில் இருந்தது, மருந்து கிளினிக்கில் இருந்தது.

1911இல் அவர்கள் செய்ததைப் பார்த்து அயலவர் சிரித்திருக்கக்கூடும். முற்றத்தில் கட்டில் போட்டுச் சிறுமிகளை இரவில் திறந்த வெளியில் உறங்க விட்டார்கள். பிள்ளைகள் தேறினார்கள். 1914இல், ஒரு வெறும் வளவில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான திறந்தவெளிப் பாலர் பாடசாலை தொடங்கியது. ஒரு பக்கம் திறந்த கொட்டில்கள்தான் வகுப்பறை. கொட்டில்களுக்கு நடுவே தோட்டம். குளியல், சாப்பாடு, பகல் உறக்கம் எல்லாம் அங்கேயே. சூரிய ஒளி இல்லாமல் எலும்பு வளைந்த பிள்ளைகள் அன்றைய லண்டன் சேரிகளில் சாதாரணம். வைட்டமின் டி என்ற பெயரே 1920களில்தான் வந்தது. அந்தப் பெயர் தெரியாமலே இந்தப் பெண்கள் பிள்ளைகளை வெயிலில் விட்டார்கள்.

(நகரத்துக் காற்றை விட்டுப் பிள்ளையை வெளியே அனுப்புவது எமக்குக் கேள்விப்படாத கதையல்ல. மக்காவின் குறைஷிக் குடும்பங்கள் கைக்குழந்தைகளைப் பாலைவனத்துச் செவிலித் தாய்மாரிடம் கொடுத்து வளர்த்த வழக்கத்தையும், ஹலீமா நாயகியின் வரலாற்றையும் மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும்.)

மார்கரட்டின் தோட்டத்தில் மூலிகையும் மரக்கறியும் பூவும் மட்டும் இருக்கவில்லை. கல், தகரத் துண்டு, பழைய இரும்பு, பானை சட்டி என்று ஒரு குப்பைக் குவியலும் வேண்டும் என்று அவர் எழுதினார். ஆரோக்கியமான பிள்ளை தனக்கு வேண்டியதைத் தானே பொறுக்கி எடுத்துக் கட்டும் என்பது அவர் நம்பிக்கை. றேச்சல் 1917இல், தனது 58ஆவது பிறந்த நாளன்று மறைந்தார். பாடசாலைக்கு அவர் பெயரை வைத்துவிட்டு மார்கரட் தொடர்ந்து நடத்தினார்.

அந்தக் குப்பைக் குவியலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. டென்மார்க்கில் சோரன்சன் என்ற நிலத்தோற்றக் கட்டடக் கலைஞர் அழகழகான விளையாட்டு முற்றங்களை வடிவமைத்தவர். பிள்ளைகளோ அவற்றை விட்டுவிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் பலகையும் கல்லும் வைத்து விளையாடுவதைக் கவனித்தார். இதை 1931இல் எழுதினார். 1943இல், நாடு ஜேர்மன் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்தபோது, கொப்பன்ஹேகனின் எம்ட்ரப் குடியிருப்பில் அப்படியொரு முற்றம் திறக்கப்பட்டது. பழைய பலகை, கயிறு, செங்கல், மண்வெட்டி, சுத்தியல். பக்கத்தில் பொறுப்பாக ஒரு பெரியவர். யுத்தம் முடிந்து 1946இல் அங்கே போன ஆங்கிலேயப் பெண்மணி லேடி அலன், குண்டு விழுந்து வெறுமையான லண்டன் வளவுகளில் அதையே செய்யலாம் என்று எழுதி, செய்தும் காட்டினார். தான் உருவாக்கியவற்றில் பார்வைக்கு மிக அவலட்சணமானது இந்த முற்றம்தான், ஆனால் தனக்கு மிக அழகானதும் இதுவே என்பது சோரன்சனின் கருத்து. பளபளப்பைப் பார்த்து முன்பள்ளி தேடும் எமது பெற்றோருக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

இலங்கைக்கும் இந்தச் சரித்திரத்தின் கிளைகள் வந்தன. மரத்தடியில் வகுப்பு நடத்திய தாகூர் 1934இல் ஹொரணைக்கு வந்து ஸ்ரீ பாலிக்கு அடிக்கல் நாட்டினார். மரியா மொன்டிசோரி 1944இல் கொழும்புக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று எமது ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு மொன்டிசோரிப் பெயர்ப்பலகை தொங்குகிறது. அந்த அம்மையாரின் நூலொன்று 1948இல் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியானது. மழை பெய்யும்போது பிள்ளைகளை வெளியே ஓட விடுங்கள், தண்ணீர்க் குட்டையைக் கண்டால் சப்பாத்தைக் கழற்ற விடுங்கள் என்கிறார் அதில். எமது மொன்டிசோரிகளில் மழை வந்தால் முதலில் பூட்டப்படுவது கதவு.

'அந்தக் காலத்தில் இதெல்லாம் சரி' என்பவர்களுக்காக ஒன்று. சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளை எடுத்து, ஆறில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பாடசாலை நாளும் 40 நிமிடம் மேலதிகமாக வெளியே நேரம் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்துக் கண்ணைப் பரிசோதித்தார்கள். வழமைபோல் இருந்த பிள்ளைகளில் 39.5 வீதமானோருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போனவர்களில் 30.4 வீதம். 2015இல் வெளியான முடிவு இது. புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் காலை வகுப்பு, பின்னேர வகுப்பு, இரவு வகுப்பு என்று ஓடும் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று நாம் வகுப்பில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோரின் பயங்களையும் நாம் இலேசாக எடுக்கவில்லை. கிளித்தட்டும் கிட்டியும் விளையாடிய வளவுகள் காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் இப்போது வீடுகளாகிவிட்டன. வீதியில் விட்டால் மோட்டார் சைக்கிள். டெங்கு உண்மை. சிரட்டையில் தண்ணீர் தேங்கினால் பி.எச்.ஐ. வந்து நிற்பார், அவர் வருவதும் நியாயம். ஆனால் விளையாடி முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க நான்கு வயதுப் பிள்ளைக்கும் பழக்கலாம். அதற்காக முற்றம் முழுவதையும் மூட வேண்டியதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எமதூர் முன்பள்ளி ஒன்றின் மணல் முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதிக்க நிதி சேர்க்கிறார்கள். சப்பாத்து அழுக்காகிறது, படம் எடுத்தால் வடிவில்லை என்பவை சொல்லப்படும் காரணங்கள். ஓரத்திலுள்ள ஜம்பு மரத்தையும் எடுத்துவிடப் போகிறார்களாம், இலை கொட்டுகிறதாம். பெற்றோர் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு. வாசல் தொடங்கி வகுப்பறை வரையான நடைபாதைக்குக் கல் பதிக்கட்டும், நாமும் நன்கொடை தருகிறோம். கிணற்றடிப் பக்கத்து மணலையும் ஜம்பு மரத்தையும் விட்டுவிடும்படி கேட்கப் போகிறோம். பிள்ளைக்கு ஒன்று என்று முப்பது பாத்தி அங்கே வராது. இரண்டு பேருக்கு ஒன்றென்றால் வரும், அளந்து பார்த்துவிட்டோம். பயற்றை விதையும் கீரை விதையும் எம்மிடம் இருக்கின்றன. அந்த முன்பள்ளியில் பிள்ளை வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் வாருங்கள்.