சனகெரிப் பொய் சொன்னானா?

கப்பத்தை நிறுத்திய யூதா அரசன் எசேக்கியாவை அடக்க, கி.மு. 701-ல் அசீரிய மன்னன் சனகெரிப் படையோடு யூதாவுக்குள் இறங்கிவிட்டான். பிறகு நடந்ததை அவன் வாயாலேயே கேட்கலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும், ஒரு முழ உயரம்கூட இல்லாத ஆறு பட்டைக் களிமண் சாசனத்தில், அரண் சூழ்ந்த 46 ஊர்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரைச் சிறைப்படுத்தியதாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்ததாகவும் பெருமையடிக்கிறான். அடைத்தானாம்; பிடித்ததாகச் சொல்லவில்லை. தலைநகர் விழுந்திருந்தால் இந்தத் தம்பட்டக்காரன் சும்மா இருந்திருப்பானா? அவன் நினிவே அரண்மனைச் சுவரை நிறைத்திருப்பது எருசலேம் அல்ல, யூதாவின் இன்னொரு அரண் நகரமான லாகீஸ். 1840-களில் ஹென்றி லேயார்ட் தோண்டியெடுத்த அந்தச் சிற்பங்களில் மண்மேட்டின் மேல் இடிபொறி ஏறுகிறது; மதிலிலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன; பொறி பற்றிக்கொள்ளாமல் இருக்க ஓர் அசீரிய வீரன் நீண்ட காம்புள்ள அகப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். மூட்டை முடிச்சோடு மாட்டுவண்டியில் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகின்றன. சிம்மாசனத்தில் இருக்கும் சனகெரிப்பின் முகத்தைப் பின்னாளில் யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சிற்பியின் கற்பனை என்று இதைத் தள்ளவும் முடியாது. லாகீஸ் அகழாய்வில் அந்த முற்றுகை மேடே வெளிப்பட்டிருக்கிறது.

இனி எபிரேய வேதத்துக்கு வருவோம். இரண்டாம் இராஜாக்கள் 18-ம் அதிகாரத்தில் 14 முதல் 16 வரையிலான மூன்று வசனங்களில் எசேக்கியா பணிந்துபோகிறான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்ட ஆலயக் கதவுகளின் பொன்தகட்டையே உரித்துக் கொடுக்கிறான். அடுத்த வசனத்திலோ, பணமே கைமாறாததுபோல அசீரிய அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதிலடியில் நின்று மிரட்டுகிறான். முடிவில் ஒரே இரவில் 1,85,000 அசீரியர் மாள்கிறார்கள். ஏசாயா 36-ம் அதிகாரத்தில் கிட்டத்தட்ட இதே கதை இருக்கிறது, அந்த மூன்று வசனங்கள் மட்டும் இல்லை. ஆக, அரண்மனைக் கணக்கு ஒன்றையும் ஆலயத்தார் சொன்ன கதை ஒன்றையும் தைத்தவர், தையலை மறைக்காமல் விட்டிருக்கிறார் என்பதே என் முடிவு. தன் அரசனுக்கு அவமானம் தரும் செய்தியை யாரும் புனைந்து சேர்ப்பதில்லை. போதாததற்கு, எதிரியின் சாசனமும் அதே 30 தாலந்து பொன்னைச் சொல்கிறது. வெள்ளியை மட்டும் 800 ஆக்குகிறது.

கப்பம் முதல் படையெடுப்பில், அற்புதம் இரண்டாவதில் என்று பிரித்து முரணைத் தீர்ப்பவர்கள் உண்டு. கதையில் அரசனாக வரும், எகிப்துக்குத் தெற்கே இருந்த கூஷ் நாட்டின் திராக்கா கி.மு. 690 வாக்கில்தான் பட்டமேறினான் என்பது அவர்கள் கட்சி. ஆனால் யூதாவின் மீது இரண்டாம் படையெடுப்பைச் சொல்லும் அசீரியச் சாசனம் எதுவும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் எழுதியவர், இளவரசனாக இருந்தவனை அவனுடைய பிந்தைய பட்டத்தால் குறித்திருக்கலாம். சனகெரிப் ஊர் திரும்பிய கையோடு கொலையுண்டதுபோல எழுதியவரும் அவரே. கொலை நடந்ததோ கி.மு. 681-ல், இருபது வருடம் கழித்து! தையலைக் காட்டினால் வேதத்தின் மதிப்பு குறையும் என்ற கவலையும் வீண். 1,85,000 என்ற எண்ணைச் சோதிக்க வரலாற்றிடம் வழியில்லை. நகரம் விழவில்லை, எசேக்கியா அரியணையில் நீடித்தான், கப்பம் சனகெரிப்பின் பின்னாலேயே நினிவேக்குப் போனது. இவ்வளவுக்கும் இரு தரப்புச் சான்றும் இடம் தருகிறது. சனகெரிப் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை விழுங்கினான். நேர்மையில் அவனைவிட அந்தப் பெயர் தெரியாத தொகுப்பாசிரியர் ஒரு படி மேல்.